மூன்றாவது டேங்க்

பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறி, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள்கூட அதைத் துணி போட்டு மூடிவிட்டு மிதிவண்டியில் கிளம்பிய வருஷம் அது. எழுபத்துநான்கு ஜனவரி, பொங்கலுக்கு இன்னும் ஐந்தாறு நாட்கள் இருந்தன. நாங்கள் அப்போது அதியமான்கோட்டையில், பெரிய ரோட்டை ஒட்டிக் குடியிருந்தோம். எங்களுடையது ஓட்டு வீடு. எங்களுக்கு அடுத்து வரிசையாக ஏழு கூரை வீடுகள்.

என் கணவர் பெங்களூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் எட்டு வருஷம் பெயின்ட் அடித்தவர். சும்மா அடித்துக் காயவிட்டால் பெயின்ட் காயும், அவ்வளவுதான். சூட்டில் வைத்துச் சுட்டு எடுத்தால் அது இரும்போடு இறுகிப்போகும், நகத்தால் சுரண்டினாலும் வராது என்பார். அந்த வேலையை ஊரோடு வந்து செய்யலாம் என்று வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு ஓவன் கட்டினார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. இரண்டு தகடுகளுக்கு நடுவே சாம்பல் திணித்து, முன்னால் கதவு வைத்தது. அடியில் கரிக்குழி. கரி போடுவதற்கான வாய் பக்கவாட்டில், வெட்டவெளியைப் பார்த்து இருக்கும். குழிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகடு, அதன் ஓரங்களில் சூடு மேலே ஏற விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஊரில் அதற்குப் 'பெயின்ட் அடுப்பு' என்று பெயர். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஓவன் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முகம் சுருங்கிவிடும்.

தருமபுரி, பாலக்கோடு, இண்டூர் என்று சுற்றுவட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த கொஞ்சம் பேரும் எங்களிடம்தான் வருவார்கள். டேங்க், மட்கார்டு, சங்கிலி மூடி எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து போடுவார்கள். தேய்ப்பது, பூசுவது, சுடுவது அவர் வேலை. டேங்கைக் கழுவுவதும் கரி பார்ப்பதும் என் வேலை.

டேங்க் கழுவுவதை லேசாக நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் இருந்த பாத்திரத்தை நெருப்புக்கு மேலே வைக்கப்போகிறோம். வந்ததும் மூடியையும் குழாயையும் கழற்றி, சோடா உப்புப் போட்ட வெந்நீரை முட்ட ஊற்றி, குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். பிறகு பச்சைத்தண்ணீர் இரண்டு தடவை. ஆக மூன்று தண்ணீர். அதன்பிறகு இரண்டு ஓட்டைகளிலும் மரத்தக்கையை அடித்து மூடிவிடுவேன், தேய்க்கிற தூளும் பெயின்டும் உள்ளே போகாமல் இருப்பதற்காக. தக்கை அடித்திருந்தால் மூன்று தண்ணீர் ஆயிற்று என்று பொருள். அதற்கப்புறம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் சட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்துவிட்டது. மார்கழியிலேயே கிணறுகள் தரை தட்டிவிட்டன. எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு கிணறுதான் ஊறியது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த நாலு குடத்தில் சமையல், குடிநீர், டேங்க் எல்லாம் ஆக வேண்டும். அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாமனார், மாமியார் இருவரும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நாங்கள்தான். பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் குழந்தை.

எங்கள் ஊர் மார்கழிப் பனி எலும்பைக் குத்தும். ஓவனை ஒட்டிய பின் அறை மட்டும் கதகதப்பாக இருக்கும், சுவரில் கை வைத்தால் வெயிலில் கிடந்த கல்லைப் போலச் சுடும். பச்சை உடம்புக்காரிக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நான்தான் அவளையும் குழந்தையையும் அந்த அறையில் படுக்க வைத்தேன். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குழந்தை, அந்தப் பக்கம் ஓவன். அப்போது அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பொங்கலுக்கு வண்டி புதுசாக நிற்க வேண்டும் என்று மூன்று டேங்க் ஒரே வாரத்தில் வந்தன. மூன்றாவது டேங்கைக் கொண்டுவந்தவர் இண்டூர்க்காரர். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். குண்டான மனிதர். பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை கனைப்பார். குளிருக்குப் பயந்து, உச்சி வெயிலிலும் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக இருப்பார். மாட்டுக்கு ஊசி போடுகிற ஆள் இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாரே என்று நானும் நாத்தனாரும் பின்னால் சிரித்திருக்கிறோம்.

"பெட்ரோல் பூராவும் வூட்லயே குழாய் வழியா எறக்கிட்டனுங்க தங்கச்சி. பாட்டல்ல புடிச்சு வச்சிருக்கேன். காலி டேங்குதான் இது" என்று அவர் சொன்னார். அப்போது இருந்த விலைக்கு அதை விடுவாரா என்று எனக்கும் தோன்றியது.

அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு குடம் தண்ணீர். மற்ற இரண்டு டேங்கையும் முறைப்படி கழுவியிருந்தேன். இந்த மூன்றாவதைக் கழுவினால் குழந்தையின் துணிகளை அலசத் தண்ணீர் இருக்காது. ஈ மொய்த்துக்கொண்டு ஒரு கூடைத் துணி கிடந்தது. உள்ளே குழந்தை வீல் என்று கத்துகிறது. காலி என்றுதானே சொன்னார், காலி டேங்குக்கு எதற்கு மூன்று தண்ணீர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு தண்ணீர்கூட ஊற்றவில்லை. சாய்த்துப் பார்க்கவும் இல்லை. இரண்டு ஓட்டையிலும் தக்கையை அடித்து, கழுவிய டேங்குகளின் வரிசையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் என் கணவர் அதைத் தேய்க்க எடுத்தபோது உள்ளே லேசாகக் குலுங்கியது. கழுவிய டேங்கில் கொஞ்சம் தண்ணீர் தங்குவது வழக்கம்தான், ஓவன் சூட்டில் அது போய்விடும். அதனால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"மூணு தண்ணி ஊத்திட்டதான?"

"ஊத்தியாச்சுங்க" என்றேன்.

அடுப்பில் பால் இருந்தது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட அந்த நிமிஷத்தில் இல்லை. வேலை நடந்தால் சரி என்றுதான் இருந்தேன்.

அடிப்பூச்சு வெயிலிலேயே காய்ந்தது. மேல்பூச்சை அடித்து ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் காலை மூன்று டேங்கையும் நாலு மட்கார்டையும் ஓவனுக்குள் வைத்தார். விடியும் முன்பே நான் குழியில் கரி போட்டுக் கனலாக்கி வைத்திருந்தேன். "காயிதத்த உள்ள காட்டிப் பாரு. டீ நெறத்துக்கு மாறுச்சுன்னா சூடு ஜாஸ்தி. பதினோரு மணிக்கு நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் தின்னர் வாங்க சேலத்துக்கு பஸ் ஏறினார். அது பெயின்ட்டைக் கரைக்கிற திரவம். பெட்ரோலைப் போலவே தீப்பிடிக்கும். முன்பு வாங்கியதில் இரண்டு தகர டின் மீதி இருந்தது. ஓவனுக்குப் பத்தடி தள்ளி, கூரைத் தாழ்வாரத்தில் அவை இருந்தன. அந்தத் தாழ்வாரத்தின் கூரையும் அடுத்த வீட்டுக் கூரையும் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்பது மணி இருக்கும். கம்பவுண்டர் மிதிவண்டியில் வந்து இறங்கினார். அதே குல்லாய், அதே ஸ்வெட்டர். டேங்க் ஆயிற்றா என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு தடவை கனைத்தார்.

"ஒண்ணும் இல்லீங்க தங்கச்சி. நேத்து மெக்கானிக் ஒருத்தன் சொன்னான். டேங்குக்கு அடியில நடுவுல குதிரச் சேணம் மாதிரி மேடு இருக்குதுங்களே, குழா ஒரு பக்கம்தான் இருக்குதாம். அந்தப் பக்கம் இருக்கறதுதான் எறங்குமாம். இன்னொரு பக்கத்துல இருக்கறது அப்படியே நிக்குமாம். நான் ஊத்துனதுல ஒரு லிட்டரு கணக்குல வரல. நீங்க கழுவறப்ப வந்திருக்குமே, புடிச்சு வச்சிருக்கீங்களா?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்த முறம் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. தக்கை அடித்த டேங்க், உள்ளே பெட்ரோல், அடியில் ஒரு குழி நிறைய கனல், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது நாள் குழந்தை. இந்த நாலும் மாறி மாறி என் கண்முன் வந்தன.

"உள்ள இருக்குது" என்றேன்.

"எங்கீங்க?"

"அதுக்குள்ளதான். ஓவன்ல."

அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அப்போதுதான் அது கேட்டது. ஓவனுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு 'உஸ்' சத்தம். விட்டு விட்டு வந்தது. தக்கையின் ஓரத்தில் ஆவி பீறிடுகிறது. சுடுகிற பெயின்ட் வாசனைக்கு நடுவே பெட்ரோல் வாசனையும் எட்டியது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும் என்று என் கணவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். கீழே கனல்.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. கால்கள் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. ஒரு கணம்தான், ஆனால் திரும்பின.

பின் அறைக்குள் நுழைந்தேன். நாத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பூண்டுப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் பக்கத்தில், சுவரை ஒட்டி, வாயைத் திறந்தபடி தூங்கியது. கத்தினால் அவள் பதறி விழுந்துவிடுவாள். தையல் இன்னும் ஆறவில்லை.

"எந்திரி. வெளிய போலாம்."

"எதுக்கு அண்ணி? வெளிய பனி அடிக்குதே."

"எந்திரின்னா எந்திரி!"

என் முகத்தைப் பார்த்தாள். தம்ளரை வைத்தாள். நான் குழந்தையைத் துணியோடு சுருட்டி எடுத்து, வாசலில் மரம்போல நின்ற கம்பவுண்டரின் கைகளில் திணித்தேன். "தூக்கிட்டுப் போங்க" என்று சொன்னதுதான் தாமதம், அந்தக் குண்டு மனிதர் செருப்பை உதறிவிட்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. நான் நாத்தனாரின் இடுப்பைப் பிடித்து நடத்தினேன். அவளால் வேகமாக எடுத்து வைக்க முடியவில்லை. அறையிலிருந்து வாசலுக்கு இருபது அடிதான் இருக்கும். அந்த இருபது அடியில் என் முதுகு முழுக்கக் காதாகிவிட்டது. இப்போது, இப்போது, இப்போது என்று ஒவ்வோர் அடிக்கும் மனசு அடித்துக்கொண்டது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்த புளியமரத்தடியில் அவளை உட்கார வைத்தேன்.

அந்தக் கூரை வீடுகளைப் பார்த்து ஓடி, "எல்லாரும் வெளிய வாங்க, ஓவன் வெடிக்கப் போவுது" என்று கத்தினேன். பெண்களும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். ஆண்கள் எல்லாம் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். தின்னர் டின்கள் இருக்கிற தாழ்வாரம் பற்றினால் ஏழு கூரையும் போய்விடும். இதில் யாரைக் கூப்பிட்டு 'நீ போ' என்று சொல்வது? நான் செய்தது. நான்தான் போக வேண்டும்.

தண்ணீர் ஊற்றக் கூடாது. கனலில் தண்ணீர் பட்டால் பொறி தெறிக்கும், அது எனக்குத் தெரியும். கதவையும் திறக்கக் கூடாது, காற்றுப் புகுந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். குழியில் இருக்கிற கனலை மண் போட்டு மூச்சடைக்க வைக்க வேண்டும், வேறு வழியில்லை. சுவர் பூசக் கொட்டி வைத்திருந்த மண் குவியலில் மண்வெட்டி கிடந்தது. எடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன், அதற்கு அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை. சிறு வயதிலிருந்து தினமும் சொன்ன ஜெபம். அதே மூன்று வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே குழி வாய்க்கு முன்னால் போய் நின்றேன்.

உள்ளே கனல் சிவப்பாகக் கண் விழித்துப் பார்த்தது. மேலே உஸ் சத்தம் இப்போது விடாமல் கேட்டது. முதல் மண்வெட்டி மண்ணை உள்ளே வீசினேன். இரண்டாவது, மூன்றாவது. பாதி மண் வெளியே கொட்டியது. முன்பக்கக் கனல் மூடிவிட்டது, பின் மூலையில் இருப்பது எட்டவில்லை. எட்ட வேண்டுமென்றால் இன்னும் நெருங்க வேண்டும். நெருங்கிக் குனிந்தேன். முகத்துக்கு நேரே பெட்ரோல் நெடி. ஏழோ எட்டோ போட்டிருப்பேன். பெட்டிக்குள் 'டொப்' என்று எதுவோ தகட்டில் மோதியது. தக்கை பிடுங்கிக்கொண்டது.

அடுத்த மூச்சு விடுவதற்குள் குழியின் மூலையிலிருந்து நீலமாக ஒரு தீ எழும்பி, 'பொக்' என்று வாய் வழியாக வெளியே பாய்ந்தது. மேலே ஓவன் கதவு படார் என்று திறந்துகொண்டது. நான் மல்லாக்க விழுந்தேன். சாம்பலும் பொறியும் என் மேல். புருவம் கருகிய நாற்றம். முந்தானையில் தீ பற்றியிருந்தது. மண்ணில் புரண்டேன், கையாலேயே அடித்து அணைத்தேன். எழுந்தபோது மூலையில் இன்னும் இரண்டு மூன்று கனல்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே மண்ணை வாரி வாரிப் போட்டேன். குழி நிரம்பி, வாய் மூடி, புகையும் நின்ற பிறகும் போட்டுக்கொண்டேயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து "போதும்கா, வந்துருங்கக்கா" என்று கத்தியது அப்புறம்தான் காதில் விழுந்தது.

குழியில் கனல் முழுசாகக் கிடந்திருந்தால், அந்தத் தக்கை பிடுங்கியபோது நான் இல்லை, சுவர் இல்லை, அந்த வரிசையும் இல்லை. என் கணவர் பிறகு சொன்னது இது.

ரோட்டைக் கடந்து புளியமரத்தடிக்குப் போனேன். முகமெல்லாம் கரி. நாத்தனார் என்னைப் பார்த்து எழுந்தாள்.

"அண்ணி, கொழந்த எங்க?"

சுற்றிப் பார்த்தேன். கம்பவுண்டர் இல்லை. மரத்தடியில் இருந்த பெண்களில் யார் கையிலும் குழந்தை இல்லை. ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் இண்டூர்க்காரர் என்பது தெரியும், மாட்டாஸ்பத்திரி தெரியும், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு என்ன தெரியும்? பேர் சொல்லி அழைக்கக்கூட குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. நாத்தனார் மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். தீயின் முன்னால் நின்றபோது இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அங்கே என் உயிர்தான் போயிருக்கும்.

வெறுங்காலோடு ரோட்டோரமாக ஓடினேன். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "குல்லா போட்டவருங்களா? மாருல எதையோ அணைச்சுக்கிட்டு அந்தாண்ட ஓடுனாருங்க. கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். அவர் கை காட்டிய பக்கம் ஓடினேன். அரை மைல் தூரத்துக்கு யாரும் இல்லை. ரோட்டுக்கு அடியில் ஓடைக்காகக் கட்டிய சிறு பாலம் ஒன்று வந்தது. எட்டிப் பார்த்தேன்.

அந்தப் பாலத்தின் கீழே, வறண்ட ஓடை மணலில் அவர் குந்தியிருந்தார். எங்கள் வீடு இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி, உடம்பை வளைத்து, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரும் குல்லாயும் அவர் மேல் இல்லை. குல்லாயைக் குழந்தையின் தலையில் மாட்டி, ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பனியில் மேலெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. பாதத்தில் முள் குத்தி ரத்தம். நான் கூப்பிட்டதும் தலையை மட்டும் திருப்பினார்.

"வெடிச்சிருச்சுங்களா?"

"இல்லீங்க. அணைச்சாச்சு."

"நெசமாவா?" என்று கேட்டார். மறுபடியும் "நெசமாவா தங்கச்சி?" என்றார். பிறகு தேம்பித் தேம்பி அழுதார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு கிடந்தது. இவரைத்தான் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தோம்.

பதினோரு மணி பஸ்ஸில் என் கணவர் வந்தார். ஓவன் ஆறும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. மூன்றாவது டேங்கை எடுத்தபோது அதன் வாயைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்துக் கருகியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை, நெடி மட்டும் இருந்தது. கம்பவுண்டரைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினார். "பெட்ரோலோட டேங்கக் குடுத்துட்டுக் காலின்னு சொல்றியே, நீயெல்லாம் மனுசனா? என் தங்கச்சி, கொழந்த, ஊரே போயிருக்குமே!" அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என் தப்புதாங்க. தெரியாம சொல்லிட்டனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏசி முடித்த பிறகு என் கணவருக்குச் சந்தேகம் வந்தது. என் பக்கம் திரும்பினார்.

"மூணு தண்ணி ஊத்தி மூணு தடவ கவுத்தா ஒரு லிட்டர் எப்படி நிக்கும்? நீ கழுவுனதான?"

இத்தனைக்கும் பிறகு, புருவம் கருகி நின்றுகொண்டு, நான் "கழுவினேங்க" என்றேன்.

கம்பவுண்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கழுவினால் பெட்ரோல் வந்திருக்குமே என்று காலையில் கேட்டவரே அவர்தானே. ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் டேங்கை மடியில் வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே அஞ்சு தண்ணி ஊத்துவோம். மூணு பத்தாது போல" என்றார். இருக்கிற தண்ணீரில் ஐந்து தடவைக்கு எங்கே போவது என்று அவர் கவலைப்பட்டது எனக்கு ஈட்டியாகக் குத்தியது. உண்மை தெரிந்தால் அவர் என்ன செய்வார், நாத்தனார் என்ன நினைப்பாள், அவள் புருஷன் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று ஒவ்வொன்றாகப் பயந்தேன். காலையில் தீக்கு முன்னால் போய் நின்ற கால்கள்தான் இவை.

மறுநாள் காலை கம்பவுண்டர் திரும்பவும் வந்தார். ஒரு துணிப்பையில் பூண்டும், இன்னொரு பையில் கேழ்வரகு மாவும். என் கணவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாத்தனார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகப் போனார். அவளுக்கு அப்போது இருபது வயசு. அந்த ஐம்பது வயசு மனிதர் அவள் முன்னால் குனிந்து, "தாயி, என்னால உனக்கும் கொழந்தைக்கும் ஆபத்து வந்திருச்சு. மனசுல வச்சுக்காத. மன்னிச்சிரு" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவரு தப்பு இல்லீங்க. நான் கழுவல. ஒரு தண்ணிகூட ஊத்தல. ரெண்டு தடவையும் பொய் சொன்னேன்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னேன்.

என் கணவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கம்பவுண்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "என்னய மன்னிச்சிருங்க" என்றார். அவரோ, "வுடுங்க, வுடுங்க. தங்கச்சிதான அந்தத் தீயில போயி நின்னுச்சு" என்றார். அந்த இடத்தில் எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். டேங்குக்குத் திரும்பப் பெயின்ட் அடித்துப் பொங்கலுக்கு முதல் நாள் என் கணவரே இண்டூருக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார்.

நாத்தனார் சண்டை போடவில்லை, அழவில்லை. மத்தியானம் எழுந்து, தன் பாயையும் குழந்தையின் துணிகளையும் தானே எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள். அந்த அறையில் ஓட்டு இடுக்கு வழியாகப் பனி இறங்கும். "இங்க குளிருமே" என்றேன். "குளிரட்டும் அண்ணி" என்றாள். முப்பது நாள் முடிவதற்குள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

உறவு முறிந்துவிடவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தாள், பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள், நான் வைத்த குழம்பை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு, பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போவாள். ஓவனைச் சுற்றி வந்து, குழியில் கனல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். பிறகுதான் பெண்ணை உள்ளே அழைத்து வருவாள். என்னிடம் கேட்க மாட்டாள். கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன், அது உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும் தானே போய்ப் பார்ப்பாள்.

நாங்கள் அந்த ஓவனைப் பிரித்துப் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அவளுக்கும் முழங்கால் வலி, அதிகம் நடப்பதில்லை. ஆனாலும் வந்தால் இன்றும் ஒரு தடவை அந்தப் பின்பக்கம் போய்விட்டுத்தான் உள்ளே வருகிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் வாசலிலேயே அவள் பெண்ணோடும் பேரனோடும் நின்றுகொண்டிருப்பேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை, நான் 'ஊத்தியாச்சு' என்று சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் இத்தனை வருஷமாக நடக்கிறாள் என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.